கார் ஷெட் தரைக்கு எத்தனை டப்பா?

சுவருக்குப் பெயிண்ட் கணக்குப் போடுகிறவர்கள் நின்றபடியே போட்டுவிடலாம். தரைக்குக் கணக்குப் போடுகிறவர்கள் முட்டி போட்டே ஆக வேண்டும். அடுத்தவர் வீட்டில் டேப்பைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்த அனுபவம் உள்ள அன்பர்களே, உங்கள் முட்டிக்கும் என் முட்டிக்கும் பொதுவான சில சங்கதிகளைச் சொல்கிறேன்.

தேனியில் ஒரு பெயிண்ட் கடைக் கவுண்டரில் பதினோரு வருடம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். 2008 வாக்கில் எங்கள் முதலாளி எபாக்ஸி என்ற தரைப்பூச்சை விற்க ஆரம்பித்தார். பெரிய டப்பாவில் பூச்சு, சின்ன டப்பாவில் அதை இறுக வைக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தது ஒரு ஜோடி. கலந்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவோடு கல்லாகிவிடும். காய்ந்த தரை சாப்பாட்டுத் தட்டு மாதிரி பளபளக்கும். எண்ணெய் சிந்தினால் துணியால் துடைத்துவிடலாம். ஏலக்காயிலும் திராட்சையிலும் கொஞ்சம் பசை கண்டு கார் வாங்கியவர்களுக்கு, கார் நிற்கிற இடமும் அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பாதித் தரையில் பொருள் தீர்ந்தால், கோயம்புத்தூரிலிருந்து அடுத்த டப்பா பார்சல் லாரியில் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் முதல் பாதி காய்ந்துவிடும். ஒட்டுப்போட்ட கோடு ஆயுசுக்கும் தெரியும். சரி, கூடுதலாக வாங்கி வைப்போம் என்றால், உடைத்த டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டோம். ஆக, எத்தனை ஜோடி என்று முன்கூட்டியே நேரில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பல வீடுகளில் ஆண்கள் வாரம் முழுக்க மலைத் தோட்டத்தில் இருப்பார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை டேப்போடு போய் நின்றால் கேட்டோடு பேச்சு முடிந்துவிடும். அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. முதலாளி சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. "ஆறு மாசம் பாப்போம் ஈஸ்வரி. எந்த வீட்டுலயாச்சும் பொருள் பத்தலைன்னு வந்துச்சுன்னா, டேப்பை வச்சிட்டுக் கவுண்டருக்கு வந்துரணும்" என்றார்.

கவுண்டரில் எனக்குத் தெரிந்த உலகம் எதிரே இருந்த செருப்புக் கடை மட்டும்தான். இப்போது ஒயர்க்கூடையில் டேப், சாக்பீஸ், பாலிதீன் தாள் என்று போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு நாள் கம்பம், ஒரு நாள் பெரியகுளம். ஜன்னலோரத்தில் வயல்காற்று வாங்கிக்கொண்டு போகச் சம்பளமும் தருகிறார்கள். இதை விட்டுவிட்டு மறுபடியும் அந்த ஸ்டூலில் போய் உட்காருவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

கம்பத்தில் ஒரு கூட்டல்

முதல் வீடு கம்பத்தில். வீட்டுக்காரர் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து போனில் பேசினார். வண்டி நிற்கிற இடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும், சக்கரம் படாத இடத்துக்கு எதற்குத் தண்டமாக என்று கண்டிப்பாகச் சொன்னார். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போய் இறங்கினேன். அவருடைய மனைவி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் வண்டி நிற்கிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டதும் அந்தம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வண்டிக்கு அடியில இருக்குறதை யாரு குனிஞ்சு பாக்கப் போறா? வண்டி இல்லாத எடத்துக்குப் போடுங்க. அங்கனதான் நான் வத்தல் காயப்போடுறேன்" என்றார்.

புருஷன் சொன்னதைக் கேட்டால் வீட்டில் இருப்பவருக்குக் கோபம். இவர் சொன்னதைக் கேட்டால் தோட்டத்தில் இருப்பவருக்குக் கோபம். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்ன இடத்தைத் தனித்தனியாக அளந்தேன். இரண்டையும் கூட்டினேன். மொத்தத் தரையும் வந்துவிட்டது. அதற்கு எத்தனை ஜோடி என்று எழுதிச் சீட்டை நீட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரு சொன்னதையும் கேட்டுட்டீகளாக்கும்? இந்த வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிச் செஞ்சதில்லை."

பூண்டுக்குப் பின்னால் தரை

வடுகபட்டியில் ஒரு பூண்டு வியாபாரி. கார் ஷெட்டில் கார் இல்லை, மேலே உத்தரம் வரை பூண்டு மூட்டை. கார் தெருவில் வெயிலில் நின்றது. மூட்டையை எப்போது நகர்த்துவீர்கள் என்றேன். "வெலை ஏறட்டும்" என்றார். பாதி மூட்டையை ஒரு பக்கமாக ஒதுக்கித் தருகிறேன், இந்தப் பாதிக்கு இப்போது போடுங்கள், அந்தப் பாதிக்கு விற்றபிறகு போடுங்கள் என்று ஒரு வழியும் சொன்னார்.

எனக்கு அந்த வழி சரிப்படவில்லை. இரண்டாவது பாதிக்குப் பொருள் பற்றாமல் போனால் என் பிழைப்பு ஸ்டூலுக்குப் போய்விடும். அடுத்த லோடில் வரும் டப்பாவில் சாயமும் ஒரு துளி மாறியிருக்கும். ஆகவே முழுத் தரைக்கும் ஒரே லோடில் வாங்க வைத்து, பாதி டப்பாக்களை மூடி திறக்காமல் பூண்டு மூட்டைகளுக்கு நடுவிலேயே அடுக்கச் சொன்னேன். மூட்டைக்கு அடியில் இருந்த தரை எப்படிக் கிடக்கிறதோ என்று கையை உள்ளே விட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனபின் என் பிள்ளைகள் இரண்டு நாள் என் பக்கத்தில் படுக்கவில்லை.

ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. வாரம் ஒருமுறை போன் போட்டு, "அண்ணாச்சி, பூண்டு என்ன வெலை?" என்று கேட்பேன். கடையில் எல்லோரும் நான் பூண்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டதாகவே நினைத்தார்கள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், எப்போதுதான் அண்ணாச்சி அந்தப் பாதியை முடிப்பது என்று கேட்டேவிட்டேன். நிதானமாகச் சொன்னார்: "தரைக்கு என்ன தாயி அவசரம்? அது எங்கிட்டும் போகாது. வெலைதான் வந்த வேகத்துல போயிரும்."

தாளுக்கு அடியில் தண்ணீர்

தரைக்குள் ஈரம் இருந்தால் எபாக்ஸி கொப்புளம் விடும். அதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் ஒட்டு டேப்பால் அடைத்து ஒட்டிவிட்டு வர வேண்டும். மறுநாள் தாளுக்கு அடியில் வேர்த்திருந்தால் பூமியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அப்புறம் ஈரம் தடுக்கிற பூச்சு தனியாக வாங்க வேண்டும்.

உத்தமபாளையத்தில் வாய்க்காலை ஒட்டிய ஒரு வீடு. கார் ஷெட்தான் வீட்டின் முன்வாசலும். தாளை ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அடியில் வேர்வை இல்லை, குளமே கட்டியிருக்கிறது. வாய்க்கால் தண்ணீர்தான் ஊறுகிறது என்று நினைத்து வேறு இடத்தில் ஒட்டினேன். அங்கேயும் குளம். பூசுகிற வேலையைச் செய்யும் எங்கள் அந்தோணி அண்ணன், இப்படி ஒரு ஈரத்தை நான் ஆத்துக்குள்ள கூடப் பாத்ததில்லை என்றார். ஈரம் தடுக்கிற பூச்சை இரட்டிப்பாக எழுதினேன். எழுதினேனே தவிர மனசு ஒப்பவில்லை. மூன்றாவது தடவையாகத் தாளை ஒட்டிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து விடிகிற நேரத்துக்குப் போய் நின்றேன்.

அந்த வீட்டு அம்மா வாளியோடு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். என் தாள் இருந்த இடம் வந்ததும் வாளியைக் கீழே வைத்தார். நகத்தால் டேப்பை நோகாமல் உரித்தார். தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் இரண்டு கை தண்ணீர் தெளித்தார். மறுபடி தாளை விரித்து, நான் ஒட்டியதைவிட நேராக ஒட்டினார். நான் நிற்பதைப் பார்த்து, விளக்கமும் கொடுத்தார்: "வாசல்ல ஒரு எடம் மட்டும் காஞ்சு கெடந்தா வீட்டுக்கு ஆகுமா? நீங்க சங்கடப்படுவீகளேன்னுதான் தாளைக் கிழிக்காமத் தெளிச்சேன்."

சின்னமனூரில் மிஞ்சிய டப்பா

ஐந்தாவது மாதத்தில் எனக்கு ஒரு சறுக்கல். சின்னமனூர் வீட்டில் தரை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்ததால் பயந்துபோய் ஒரு ஜோடி கூட்டி எழுதிவிட்டேன். அது அப்படியே மிஞ்சியது. மிச்சத்தை வீட்டில் இருந்த பெரியவர் வீணாக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, முதலில் கேட்டுக்கு அடித்தார். அப்புறம் மாட்டுத்தொட்டிக்கு. கடைசியில் துணி துவைக்கிற கல்லுக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டார்.

மறுவாரம் அவருடைய மருமகள் கடைக்கே வந்துவிட்டார். அத்தனை வாடிக்கையாளர்கள் நடுவில் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "ஒரு டப்பா கூடுதலா எழுதுனது யாரு?" என்றார். முதலாளி என்னைக் கைகாட்டினார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? இனி ஒரு சொட்டு கூடுதலாக எழுதினாலும் நன்றாக இருக்காது என்று அன்று சாயங்காலம் முதலாளி சொன்னதுகூட எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அந்தப் பெண் சொன்னதுதான் காதிலேயே நின்றது: "கல்லு கண்ணாடி கணக்கா மின்னுது. சோப்பு போட்டு வச்சா சட்டை வழுக்கி ஓடுது. நான் தெனமும் அதைப் பிடிக்கத்தான் ஓடுறேன்."

ராயப்பன்பட்டியில் நீல மூலை

ஆறாவது மாதம், கடைசி வாரம். ராயப்பன்பட்டியில் ஒரு டீச்சர் வீடு. டீச்சரின் கணவருக்குத் திராட்சைத் தோட்டம். பக்கவாதம் வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள், இனிமேல் சக்கர நாற்காலிதான். முன்வாசலில் ஏழு படி. அதனால் கார் ஷெட் வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தத் தரையோ அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. "சக்கரம் தட்டாம உள்ள போயிரணும், அது போதும்மா" என்றார் டீச்சர். பூசியபின் சக்கரம் ஏற மூன்று நாளாவது காய வேண்டும். புதன்கிழமைக்குள் முடித்தாக வேண்டும்.

ஒரு மூலையில் தரை நீலம் பாரித்திருந்தது. திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் அவர் வருடக்கணக்காக அங்கேதான் கலந்திருக்கிறார். சிமெண்டை அது தின்றுவிட்டிருந்தது. அப்படிப்பட்ட தரை பூச்சைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். எனக்கு அது தெரியும். குனிந்து கையால் தேய்த்துப் பார்த்தேன், மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு ஜோடி கூட்டி எழுதப் பேனாவை வைத்தேன். சின்னமனூர் சட்டை கண்முன்னால் வழுக்கி ஓடியது. கூட்டாமலே எழுதிவிட்டேன். தெரியாமல் செய்த தப்பு இல்லை, தெரிந்தே பயந்து செய்தது.

புதன்கிழமை காலையில் அந்தோணி அண்ணன் உள்சுவரிலிருந்து பூசிக்கொண்டே கேட்டை நோக்கிப் பின்னால் வந்தார். நீல மூலை குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு இன்னும் இரண்டடி இருக்கும்போது டப்பாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்றுதான் ஆறு மாதமாக ஊர் ஊராகத் தவழ்ந்திருக்கிறேன்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைசியாகக் கலந்ததில் தின்னரை ஊற்றி நீர்த்துப்போக வைத்து இழுத்தால் இரண்டடியும் மூடிவிடும், பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது என்றார். உரியாதா என்றேன். உரியும், ஆனால் நாலைந்து மாதம் ஆகும் என்றார். அதற்குள் என் ஆறு மாதம் தாண்டியிருக்கும். டேப் எனக்கே சொந்தம். எத்தனையோ நாள் யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்துக்கு டப்பா இறுகுவதற்குள் பத்து நிமிஷம்தான் இருந்தது. வாசலில் ஓடு ஓடாக உரிந்த தரையில் அவருடைய சக்கரம் மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் அண்ணே, டேப் ஒட்டி நேர்க்கோடாக நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நான் டீச்சர் வீட்டு வேலையைப் பத்திக் கவலைப்படல தங்கச்சி. உன் வேலையைப் பத்தித்தான் சொல்றேன்."

போனில் ஒரு வரி

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கணக்குத் தப்பு, பயந்துகொண்டு குறைத்து எழுதிவிட்டேன், புது டப்பா வந்தால்தான் இந்த இரண்டடியை முடிக்க முடியும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துவிட்டு, "அவுக வார அன்னைக்கு முழுசா இருக்கணும்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். தயவு தாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை என்றாலும், ஆறு மாதத்தில் ஒரே ஒரு தரம்தானே என்று ஏதாவது சொல்வார் என ஒரு நப்பாசை. மறுமுனையில் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுக்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தேனி வரைக்கும் அழுதேன். முதலாளி போனில் சொன்னது ஒரே வரி: "சனிக்கிழமை டப்பா வந்துரும், குடுத்துட்டு டேப்பை வச்சிரு, திங்கக்கிழமை கவுண்டருக்கு வா."

சனிக்கிழமை

புது டப்பாவோடு நானும் அந்தோணி அண்ணனும் ராயப்பன்பட்டியில் இறங்கும்போது டீச்சரின் கணவரை அப்போதுதான் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்திருந்தார்கள். வலது கை மட்டும் அசைந்தது. பேச்சு குழறியது. டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். கேட்டோரம் இரண்டடி கரகரத்தது, அப்புறம் சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடியது. உள்கதவு பூட்டியிருந்தது. சாவியை எடுக்க டீச்சர் கைப்பிடியை விட்டார். பிரேக் போட அவருக்கு இன்னும் பழக்கமில்லை.

கார் ஷெட் தரை தண்ணீர் வடிவதற்காக எப்போதுமே வாசல் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். கேட்டைத் தாண்டினால் தெருவும் சரிவு. நாற்காலி மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது. பளபளப்பான தரையில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. அந்தோணி அண்ணன் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் போய்ப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் அந்த இரண்டடி வெறும் சிமெண்டில் ஏறி, கரகரவென்று இழுபட்டு, ஒரு குழியில் உட்கார்ந்து நின்றுவிட்டது. கேட்டுக்கு வெளியே தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணன் கீழே கிடந்த புது டப்பாவை எடுத்துக்கொண்டு, இந்த இடத்தை எப்போது பூசலாம் என்று கேட்டார். டீச்சரின் கணவர் வலது கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "பூசாத... நல்லவேளை... பத்தாமப் போச்சு."

கவுண்டரில் திங்கட்கிழமை

டேப்பை முதலாளி மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே செருப்புக் கடை அதே இடத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் பேச்சு பேச்சுதான் என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை. குறைத்து எழுதியவள் நான்தானே.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. ராயப்பன்பட்டியில் டீச்சருக்கு அடுத்த தெரு. முதலாளி ரிசீவரைக் காதில் வைத்திருந்தபோது அந்தக் குரல் எனக்கே கேட்டது. அவர்களுக்கும் சரிவான ஷெட், நடை பழகுகிற பேத்தி ஒருத்தி இருக்கிறாளாம். டீச்சர் வீட்டில் போட்ட மாதிரியே வாசலில் இரண்டடி விட்டுப் போட வேண்டும், அந்த விவரம் தெரிந்த அம்மாவையே அனுப்ப வேண்டும் என்றார்கள். முதலாளி பணிவாகத் தலையை ஆட்டினார். அப்புறம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு டேப்பை என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "ஏம்மா ஈஸ்வரி, வாசல்ல ரெண்டடி விட்டுப் போடுறதுக்கு எத்தனை ஜோடி ஆகும்? போயி அளந்துட்டு வா."

அன்பர்களே, ஆறு மாதம் பொருள் குறையாமல் அளந்தபோது என் பெயரைக்கூடக் கேட்காத இந்தச் சீமை, ஒரே ஒரு தரம் குறைத்து அளந்ததும் என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டது.